ஜினீவாவும் நமது வோட்டும்

2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ந் தேதி ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் மனித உரிமைக் கவுன்ஸில் ஜினீவா நகரில் கூடி, இலங்கை யுத்தத்தில் இரு தரப்பினரும் இழைத்ததாகச் சொல்லப்படும் கொடுமைகளைக் குறித்துச் சர்வதேச விசாரணை நடத்த வேண்டுமென்று தீர்மானித்தது. ஆதரவு 23, எதிர்ப்பு 12, வோட்டளியாது நின்ற நாடுகள் 12. இந்தியா இந்த மூன்றாவது வரிசையில் போய் நின்றது. மறுநாளே அப்போதைய இலங்கை ராஷ்டிரபதி மஹிந்த ராஜபக்ஷ தமது நாட்டுச் சிறைகளிலிருந்த இந்திய மீனவர் யாவரையும் விடுவிக்கும்படி உத்தரவிட்டார். இந்தியா வோட்டளியாது நின்றதற்குப் பதிலாகச் செய்யப்படும் நல்லெண்ணச் செய்கை இது என்று கொழும்பில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது.

சிறை மீண்ட மீனவரைக் கண்டு அவர்தம் குடும்பத்தார் மகிழ்ந்ததுபோல் நாமும் மகிழ்ந்தோம். அதில் ஐயமில்லை. ஆயினும் இக்கொடுக்கல் வாங்கலில் விற்கப்பட்ட பொருள் யாது? அதற்கு விலை மதித்தவர் யார்? அந்த விலை போதுமென்று ஒப்புக்கொண்டவர் யார்? இக்கேள்விகளுக்குத் தேசத்தார் இன்றுவரை விடை பெறவில்லை. ராமேசுவரத்து மீனவர் அதற்குப் பிறகும் கடலில் பிடிபட்ட வண்ணமே இருக்கின்றனர். ஆகவே கிடைத்த விலையும் நெடுநாள் நிலைக்கவில்லை. வோட்டளியாமல் நிற்பது ஒன்றும் செய்யாமல் நிற்பதாகும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். ஜினீவாவில் அதற்குப் பெயர் வேறு. அங்கே அது சந்தையில் விலைபோகும் ஒரு சரக்கு.

அச்சந்தை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நமது வாசகர்கள் சற்று விரிவாகத் தெரிந்துகொள்ளுதல் நலம். 2006-ல் ஸ்தாபிக்கப்பட்ட இக்கவுன்ஸிலில் 47 ஆசனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசியா பசிபிக் நாடுகளுக்கு 13, லத்தீன் அமெரிக்கா கரீபியன் நாடுகளுக்கு 8, மேற்கு ஐரோப்பா முதலிய நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6. இங்கே வல்லரசுகளுக்கு ரத்து அதிகாரம் கிடையாது. சீனாவுக்கும் ஒரு வோட்டு, மலாவிக்கும் ஒரு வோட்டு. ஆதரவும் எதிர்ப்பும் மட்டுமே எண்ணப்படும். நின்றவர் கணக்கில் வாரார். இதனால் ஒரு நாட்டை எதிரியின் பக்கம் இழுக்க முடியாவிடினும், அதை ஆதரவாளர் பக்கத்திலிருந்து நகர்த்தி நடுவே நிறுத்திவிட்டால், அதுவே பாதி வெற்றியாகிறது. ராஜதந்திரிகளின் உழைப்பில் பெரும்பகுதி இந்த நகர்த்தும் வேலைக்கே செலவாகிறது.

பிரேரணை சபைக்கு வருமுன் அதன் வாசகம் பல நாள் பேரம் பேசப்படும். ‘கண்டிக்கிறது’ என்பது ‘கவலையுறுகிறது’ என்றாகும்; ‘விசாரிக்க வேண்டும்’ என்பது ‘ஊக்குவிக்கிறது’ என்றாகும். ஜினீவாவிலுள்ள ஸ்தானிகர் தம் சொந்த அபிப்பிராயத்தின்படி வோட்டளிப்பவரல்லர். தலைநகரிலிருந்து உத்தரவு வரவேண்டும். ஆதலால் கெட்டிக்காரர் ஜினீவாவில் வாதாடிக்கொண்டிருக்கையிலேயே அந்தந்தத் தலைநகருக்கு மந்திரிகளை அனுப்புவர். துறைமுகம், கடன், ஆயுதம், ஏற்றுமதிச் சலுகை, வேறொரு சபைத் தேர்தலில் பதிலுதவி ஆகிய யாவும் அப்பேச்சில் இடம்பெறும். இவற்றில் எதுவும் தீர்மானத்தின் வாசகத்தில் காணப்படாது.

இந்த வித்தையில் இலங்கை சர்க்கார் தேர்ந்தவர்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து பத்து நாள்கூடக் கழியவில்லை. இலங்கையைக் கண்டிப்பதற்காக ஐரோப்பிய நாடுகளின் முயற்சியால் கூட்டப்பட்ட விசேஷக் கூட்டத்திலேயே இலங்கை தன் சொந்தப் பிரேரணையைக் கொண்டுவந்து, மே 27-ந் தேதி 29 வோட்டுகளால் அதை நிறைவேற்றிக்கொண்டது. எதிர்ப்பு 12, நின்றவை 6. பிரதிவாதியே தீர்ப்பை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட வழக்கு உலகத்தில் இதுபோல் வேறுண்டோ நாமறியோம். அந்த 29-ல் இந்தியாவின் வோட்டும் ஒன்று. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுஜனங்கள் மாண்டிருக்கலாமென்று ஐ.நா. பொதுக் காரியதரிசி நியமித்த நிபுணர் குழு 2011-ல் எழுதியபோது, அந்த நற்சாட்சிப் பத்திரத்தின் மதிப்பு யாவர்க்கும் விளங்கிற்று.

2012 மார்ச்சு 22-ந் தேதி காற்று மாறியது. அமெரிக்கா கொண்டுவந்த பிரேரணை 24 வோட்டுகளால் நிறைவேறியது. எதிர்ப்பு 15, நின்றவை 8. தமிழ்நாட்டின் கொந்தளிப்பைக் கண்ட இந்தியா இம்முறை ஆதரவாக வோட்டளித்தது. ஆனால் அதற்குமுன் வாசகத்தில் ஒரு திருத்தமும் செய்வித்தது. மனித உரிமை ஆணையாளரின் காரியாலயம் தரும் ஆலோசனையும் உதவியும் இலங்கை சர்க்காரைக் கலந்தும் அதன் சம்மதத்துடனுமே தரப்பட வேண்டும் என்பதே அத்திருத்தம். ஒரு கையால் வோட்டைக் கொடுத்து மறு கையால் அதன் பல்லைப் பிடுங்கிய சாமர்த்தியம் அது. தமிழ்நாட்டுத் தெருக்களில் வெற்றி முழக்கமிட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சில சொற்களைப் படித்தார்கள்? 2013 மார்ச்சு 21-ந் தேதியும் இந்தியா ஆதரித்தது; 25-க்கு 13 என்று பிரேரணை வென்றது. அதற்கு இரண்டு நாள் முன்பு தி.மு.க. மத்திய மந்திரிசபையை விட்டு வெளியேறியிருந்தது. மாணவர்கள் ஊர்தோறும் உண்ணாவிரதமிருந்தனர்.

2021-ல் நடந்தது இன்னும் விசித்திரம். தொற்றுநோயில் மாண்ட முஸ்லிம்களின் உடலையும் எரித்தே தீருவோமென்று இலங்கை சர்க்கார் ஏறக்குறைய ஒரு வருஷம் பிடிவாதம் செய்தனர். பெற்ற பிள்ளையை மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய முடியாமல் தாய்மார் கதறியது அவர்கள் காதில் விழவில்லை. பிப்ரவரி மாதம் பாகிஸ்தான் பிரதம மந்திரி இம்ரான் கான் கொழும்புக்கு வந்து போனார். ஜினீவாவில் கவுன்ஸிலின் கூட்டமும் தொடங்கியது. உடனே அடக்கம் செய்ய அனுமதி பிறந்தது! மார்ச்சு 23-ந் தேதி பாகிஸ்தானும் பங்களாதேசமும் இலங்கையின் பக்கம் வோட்டளித்தன. இந்தோனேசியா முதலிய பல முஸ்லிம் நாடுகள் நடுவே நின்றன. தாய்மாரின் கண்ணீர் சாதிக்காததை ஜினீவாவின் வோட்டுக் கணக்கு சாதித்தது. இதைச் சொல்லும்போது நமக்குக் கசப்பும் உண்டு, ஒருவகை ஆறுதலும் உண்டு. அந்த வோட்டுக்கு அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிகிறதல்லவா?

அன்றைய முடிவு 22-க்கு 11. இந்தியா உட்பட 14 நாடுகள் நின்றன. எதிர்த்த 11-ஐயும் நின்ற 14-ஐயும் கூட்டி, 25 நாடுகள் பிரேரணையை ஆதரிக்கவில்லை, ஆகவே வெற்றி எமதே என்று இலங்கையின் அந்நிய நாட்டு மந்திரி கணக்குச் சொன்னார். நின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுநிலைமை என்று தாம் எண்ணியிருந்தது கொழும்பின் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் வரவு வைக்கப்பட்டது பார்த்தீர்களா?

பணம் கொடுத்துப் பேர் வாங்கும் முயற்சியும் நடந்ததுண்டு. 2014-ல் அமெரிக்காவில் தன் மானத்தைத் துலக்க இலங்கை சர்க்கார் ஒரு தரகரை அமர்த்தி 65 லட்சம் டாலர் அளவுக்குக் கொடுத்தனர். அதில் பெரும்பகுதியை அம்மனிதர் தம் சொந்தப் பைக்கே கொண்டுபோனார் என்பது பின்னர் அமெரிக்கக் கோர்ட்டில் வெளியாயிற்று. இதுவும் வேறு சில குற்றங்களும் சேர்ந்து 2021-ல் அவருக்கு 12 வருஷச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இலங்கையின் ஏழைச் சிங்களக் குடியானவன் கொடுத்த வரிப்பணமும் அதில் அடங்கியதே.

இனி மேல்நாட்டாரின் யோக்கியதையையும் மறைக்க வேண்டியதில்லை. 2012 முதல் பிரேரணைக்குத் தலைமை வகித்த அமெரிக்கா 2018-ல் கவுன்ஸிலையே உதறிவிட்டுப் போய், பிறகு திரும்பி, 2025-ல் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2022 அக்டோபர் 6-ந் தேதி ஒரே நாளில் நடந்த இரண்டு வோட்டெடுப்புகளை ஒப்பிட்டால் உலக நீதியின் நிறை தெரியும். இலங்கையைப் பற்றிய பிரேரணை 20-க்கு 7 என்று நிறைவேறியது. 20 நாடுகள் நின்றன. சீனாவின் ஷின்ஜியாங் மாகாணத்து வீகர் முஸ்லிம்களைப் பற்றி ஒரு விவாதம் மட்டும் நடத்தலாமா என்ற கேள்வி 17-க்கு 19 என்று தோற்றது, 11 நின்றன. விசாரணைகூட அல்ல, வெறும் பேச்சு! கடன் கொடுத்தவனைப் பற்றிப் பேசவும் நாவெழவில்லை. அன்று இரண்டிலும் இந்தியா நின்றது.

இவ்வாறெல்லாம் உலகம் இருக்கையில் இந்தியா மட்டும் தர்மம் பேசி என்ன பயன் என்று கேட்கும் புத்திசாலிகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் 1946-ம் வருஷத்தை நினைவுகூர வேண்டும்.

1860 நவம்பர் 16-ந் தேதி சென்னையிலிருந்து சென்ற ‘டிரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர் ஒன்றரை லட்சம் பேர். அவர்களிற் பெரும்பாலோர் நமது சென்னை ராஜதானியிலிருந்து சென்றவர்கள். தில்லையாடி வள்ளியம்மை 1914-ல் உயிர் கொடுத்தது அவர்களுடைய மானத்துக்காகவே. 1946-ல் தென் ஆப்பிரிக்க சர்க்கார் அவர்களைச் சேரிகளில் அடைக்கும் நிலச்சட்டத்தை இயற்றியபோது, இந்தியா அந்நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தி, ஐ.நா. பொதுச் சபையில் வழக்குத் தொடுத்தது. கவனியுங்கள்: அப்போது இந்தியா சுதந்திர நாடன்று. தில்லியில் இடைக்கால சர்க்கார் ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

எதிர்த்தரப்பில் வாதாடியவர் ஜெனரல் ஸ்மட்ஸ், ஐ.நா. சாஸனத்தின் முகவுரையை எழுதுவதில் பெரும்பங்கு கொண்டவர். சாஸனத்தின் 2-வது ஷரத்து 7-வது பிரிவின்படி இது எங்கள் உள்நாட்டு விவகாரம், இதில் தலையிட உங்களுக்கு அதிகாரமில்லை, வேண்டுமானால் சர்வதேசக் கோர்ட்டின் அபிப்பிராயத்தைக் கேளுங்கள் என்றார் அவர். பிரிட்டனும் அமெரிக்காவும் அவர் பக்கம். ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிட் தலைமையில் சென்ற நமது பிரதிநிதிகள் ஒவ்வொரு நாட்டாரையும் கண்டு பேசினர். பாதிக்கப்பட்டவர்களின் சார்பில் எச். ஏ. நாயுடுவும் சோராப்ஜி ருஸ்தம்ஜியும், ஆப்பிரிக்கர் தலைவர் டாக்டர் ஸூமாவும் தென் ஆப்பிரிக்காவிலிருந்து நியூயார்க்குக்கு வந்து ஆதரவு தேடினர். பிரான்சும் மெக்ஸிகோவும் சேர்ந்து தந்த பிரேரணை டிசம்பர் 8-ந் தேதி வோட்டுக்கு வந்தது. ஆதரவு 32, எதிர்ப்பு 15, நின்றவை 7. வோட்டளித்தவர் 47, மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், 32 இருந்தாலே கூடும். அந்த 32-ல் ஒருவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் இந்தியா தோற்றிருக்கும்.

அத்தீர்மானத்தைத் தென் ஆப்பிரிக்கா மதிக்கவில்லை என்பது உண்மையே. நிறவெறி ஆட்சி ஒழிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் ஒரு சர்க்கார் தன் குடிகளை வதைப்பது அதன் வீட்டு விவகாரமாகாது என்று உலக சபையில் முதன்முதலாக வாதாடி வென்ற பெருமை நம்முடையது. வக்கீல் தொழில் பார்த்தவர்கள் அறிவார்கள்: தான் வாங்கிய தீர்ப்பைத் தானே மறுத்துப் பேசுவது கட்சிக்காரனுக்கு அழகன்று. 2014-ல் ஜினீவாவில் இந்தியா என்ன சொல்லிற்று? இந்த விசாரணை இலங்கையின் சுயாதிபத்தியத்தில் தலையிடுவதாகும் என்று சொல்லிற்று. ஸ்மட்ஸின் வாதத்தை அவர் காலமான 64 வருஷங்களுக்குப் பின் நாம் எடுத்துப் போர்த்துக்கொண்டோம். அந்த வோட்டெடுப்பில் நம்முடன் நடுவே நின்ற நாடுகளில் தென் ஆப்பிரிக்காவும் ஒன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது மனித உரிமை ஆணையாளராக இருந்து, சர்வதேச விசாரணை வேண்டுமென்று வற்புறுத்திவந்தவர் நவநீதம் பிள்ளை. அவர் டர்பனில் பிறந்த தமிழ்ப்பெண். 1946-ல் எந்த ஜனங்களுக்காக நாம் வழக்காடினோமோ அந்த ஜனங்களில் ஒருவர். நமது பழைய கட்சிக்காரரின் மகள் வந்து நியாயம் கேட்டபோது, நம்முடைய ஸ்தானிகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தில்லியிலுள்ளவர்கள் இதற்குச் சொல்லும் சமாதானத்தையும் ஆராய்வோம். கொழும்பைக் கடிந்தால் அது சீனாவின் மடியில் போய் விழும்; இணக்கமாக இருந்தால் 1987-ம் வருஷ ஒப்பந்தத்தின்படி வந்த 13-வது அரசியல் திருத்தத்தை நிறைவேற்றச் செய்து, தமிழருக்கு மாகாண அதிகாரமாவது பெற்றுத் தரலாம் என்பது அவர்கள் வாதம். தேச நலத்தைக் கருதும் எவரும் இதைத் தள்ளிவிட முடியாது, நாமும் தள்ளவில்லை. ஆனால் பலன் என்ன என்று கேட்போம். 2014-க்குப் பிறகு இலங்கையில் மாகாண சபைத் தேர்தலே நடைபெறவில்லை. சபைகளின் காலம் ஒவ்வொன்றாக முடிந்து, கவர்னர்களே ஆளுகின்றனர். ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 வருஷக் குத்தகைக்குச் சீனாவிடம் போயிற்று. 2021-ல் கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தைப் பற்றி இந்தியாவோடும் ஜப்பானோடும் செய்த ஒப்பந்தத்தைக் கொழும்பு சர்க்கார் பிப்ரவரியில் ரத்து செய்தனர். மார்ச்சில் மேற்கு முனையத்தை ஓர் இந்தியக் கம்பெனிக்குக் கொடுக்க இசைந்தனர். அதே மாதம் 23-ந் தேதி இந்தியா நின்றது. ஒன்றுக்கொன்று சம்பந்தமுண்டென்று நாம் சாதிக்கவில்லை. சம்பந்தமில்லை என்று தேசத்தார்க்குச் சொல்ல வேண்டிய கடமை சர்க்காருடையது, அவர்கள் சொல்லவில்லை. 2009 முதல் 2014 வரை ஆண்டது காங்கிரஸ் கூட்டணி. 2021-லும் 2022-லும் ஆண்டது பாரதீய ஜனதா கட்சி. மௌனத்தில் இருவருக்கும் பேதமில்லை.

நமது மாகாணத்துத் தலைவர்களைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. மார்ச்சு மாதம் பிறந்தால் கண்டன ஊர்வலம், ஏப்ரலில் மறதி. 2013 மார்ச்சு 27-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபை, தனி ஈழத்துக்காக ஈழத்தமிழரிடையே பொதுஜன வாக்கெடுப்பு நடத்த வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. அதைத் தில்லியில் எந்த மந்திரியிடம் எந்த விதத்தில் பின்தொடர்ந்தார்கள்? கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 முதல் காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களில் சிலர் வயது முதிர்ந்து மாண்டும் போயினர். அத்தாய்மாரின் பிரதிநிதிகள் ஜினீவாவுக்குச் சென்றால், பேசக் கிடைப்பது ஓரிரு நிமிஷமே. இங்கே மேடைகளில் இரண்டு மணி நேரம் பேசுகிறவர்கள், ஒரு நாட்டு ஸ்தானிகரையாவது கண்டு ஒரு மனுவைக் கொடுத்ததுண்டா?

இது தர்மபுரியில் உட்கார்ந்து எழுதத் தக்க விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். தகடூர் அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது சென்ற வரலாற்றை இந்த ஜில்லாவின் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்பதில் அவ்வம்மைக்குச் சந்தேகமிருந்ததில்லை. அதுவும் போகட்டும். தும்பலஹள்ளி, நாகாவதி, வாணியாறு முதலிய அணைகளின் பக்கத்தில் முகாம்களில் வாழ்கிறவர்கள் யார்? முப்பது நாற்பது வருஷங்களாக இலங்கையிலிருந்து வந்து ஒதுங்கியவர்களும், இங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய மக்களும் அல்லவா? தமிழ்நாடு முழுவதிலும் இத்தகைய முகாம்களில் சுமார் 58,000 பேர் உளர். 2021-ல் அவற்றின் பெயர் ‘அகதிகள் முகாம்’ என்பதிலிருந்து ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றப்பட்டது. 2019-ம் வருஷக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைத் தீண்டவில்லை. ஊர் திரும்பலாமா, நிலம் மீளுமா, காணாமற்போன அண்ணன் என்ன ஆனான் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளும், ஜினீவாவில் வோட்டுக்கு விடப்படும் கேள்வியும் ஒன்றே.

இப்பொழுது காலம் அனுகூலமாயிருக்கிறது. 2021-ம் வருஷத் தீர்மானத்தின்படி இலங்கைக் குற்றங்களுக்குரிய சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலை ஆணையாளர் காரியாலயத்தில் நடந்துவருகிறது. 2024-லும் 2025 அக்டோபர் 6-ந் தேதியும் வோட்டெடுப்பின்றியே அது நீட்டிக்கப்பட்டது. கடைசி நீட்டிப்பு இரண்டு வருஷம். ஆகவே 2027-ல் கேள்வி மறுபடியும் எழும். 2025-ல் கவுன்ஸிலில் ஆசனமில்லாதிருந்த இந்தியா, 2026 முதல் 2028 வரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. எனவே வோட்டெடுப்பு வருமானால் நமது பிரதிநிதி கையுயர்த்தியோ கைகட்டியோ ஆக வேண்டும்.

அதற்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. வோட்டளித்தபின் ஜினீவாவில் இரண்டு நிமிஷம் விளக்கம் படிப்பது போதாது. எப்பக்கம் வோட்டளிக்கப் போகிறோம், ஏன், வாசகத்தில் என்ன திருத்தம் கேட்டிருக்கிறோம் என்பதை வோட்டெடுப்புக்கு முன்பே சர்க்கார் பார்லிமெண்டில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து லோகசபைக்குச் சென்றுள்ள 39 அங்கத்தினரும் கட்சிபேதமின்றி இதை ஒரே குரலில் கேட்டால் மறுப்பது எளிதன்று. 2012-ல் பிரேரணையை ஆதரித்த 24-ல் நைஜீரியா, பெனின், காமரூன், மொரீஷியஸ் ஆகியவை இருந்தன. வேறு பல ஆப்பிரிக்க நாடுகள் நின்றன. நைஜீரியாவுக்கும் மொரீஷியஸுக்கும் தில்லியிலேயே ஸ்தானிகராலயங்கள் உண்டு. காலனியாட்சியின் கொடுமையை நம்மைப்போலவே அனுபவித்த அந்நாட்டாரிடம், முகாமில் வாழும் ஒரு தாயின் மனுவோடு நம்மவர் நாலு பேர் நேரில் சென்றால் கேட்க மாட்டார்களா? கொழும்பின் மந்திரிகள் அங்கெல்லாம் போய்வந்து வெகுகாலமாயிற்று.

முதற்காரியம் நமது தர்மபுரித் தொகுதியின் லோகசபை அங்கத்தினரிடமிருந்தே தொடங்கலாம். 2027-க்கு என்ன உத்தேசம் என்றும், 2014-லும் 2021-லும் வோட்டளியாது நின்றதற்குப் பிரதியாகக் கொழும்பு அளித்த வாக்குறுதிகள் யாவை, அவற்றில் நிறைவேறியவை எவை என்றும் அந்நிய நாட்டு மந்திரியைக் கேட்கும்படி அவருக்கு எழுத வேண்டும். லோகசபையில் கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆதலால் அடுத்த கூட்டத் தொடருக்குள் கேள்வி போய்ச் சேரும்படி பாப்பாரப்பட்டி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு ஊர்களிலுள்ள அன்பர்கள் கையெழுத்துகளைத் திரட்டும் வேலையை இம்மாதமே ஆரம்பிக்க வேண்டும்.